நடக்காத சண்டைக்கு ஒரு பதக்கம்

என் தம்பி முனாபுக்கு இரண்டாவது பதக்கம் என்று வானொலி சொன்னபோது மருதமுனையில் வெடி கொளுத்தினார்கள். நோன்புப் பெருநாள் முடிந்த வாரம். பெருநாளுக்கு வாங்கி மிஞ்சிய சீனவெடிச் சரங்களைப் பிரதான வீதி மின்கம்பத்தில் கட்டிக் கொளுத்தினார்கள். சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்று கை தட்டினார்கள். நானும் வாசலுக்கு வந்து நின்றேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எதற்காகக் கொடுத்தார்கள் என்று அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

நடக்காத ஒரு சண்டைக்குக் கொடுத்தார்கள். வயலில் சூடு அடித்து, அதாவது நெற்கதிர் அடித்துக்கொண்டிருந்த நான்கு பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டு அதைச் சண்டை என்று எழுதினார்கள். அந்தத் துப்பாக்கிச் சூட்டைத் தடுத்தவன் என் தம்பி. தடுத்தவனையே சுட்டவன் என்று சொல்லிப் பதக்கம் அறிவித்தார்கள். மூன்று வருடம் போய்விட்டது. இப்போதுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கவலையில் இல்லை, ஆத்திரத்தில்.

முனாப் என்னைவிட ஆறு வயது இளையவன்; அக்கா என்பதற்கு எங்கள் ஊரில் சொல்வதுபோல் என்னை ராத்தா என்று கூப்பிடுவான். வாப்பா துணி வியாபாரி. மகனைக் கடையில் இருத்த வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அவன் கல்முனையில் படித்து முடித்தபின், பத்திரிகையில் விளம்பரம் பார்த்து யாரிடமும் சொல்லாமல் விமானப்படைக்கு விமானியாக விண்ணப்பித்தான். தெரிவான பிறகுதான் வீட்டுக்குத் தெரியும். நம்மட ஆக்களுக்கு அந்த வேலை ஒத்துவருமா என்று ஊரில் கேட்டார்கள். வாப்பா ஒரு கிழமை அவனோடு கதைக்கவில்லை. பிறகு அவரே பெட்டி வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்.

எழுபத்தெட்டுச் சூறாவளியில் ஊர் அவனை ஏற்றுக்கொண்டது. அந்த நவம்பரில் எங்கள் கரையில் தலையோடு நின்ற தென்னை குறைவு. ஓடும் தகரமும் பறந்து, வீதியெல்லாம் மரம் விழுந்து, வெளியிலிருந்து ஒரு வண்டிகூட வர முடியாமல் கிடந்தோம். வானத்தால்தான் முதல் உதவி வந்தது. பாடசாலை மைதானத்தில் இறங்கிய ஹெலியின் இரண்டாவது ஆசனத்தில் முனாப் இருந்தான். மாவும் பால்மாவும் இறக்கிவிட்டு, பெரியநீலாவணையில் சுவர் விழுந்து கால் நசுங்கிய ஒரு பெண்ணையும், நடுவில் நின்றுபோன பிரசவத்தோடு இன்னொருத்தியையும் ஏற்றிக்கொண்டு போனான். உம்மா வேலிக்கு அப்பால் நின்று கையைக் காட்டினா. அவனுக்கு இறங்கி வர நேரமில்லை. அதன்பிறகு எங்கள் கரையில் ஹெலிச் சத்தம் கேட்டால் ஆட்கள் வெளியே ஓடிவந்து கை காட்டுவார்கள். பயந்து உள்ளே ஓடுகிற காலம் பிறகுதான் வந்தது.

எண்பத்தைந்தில் முதல் பதக்கம். வடக்கில் ஒரு இராணுவ முகாமைத் தமிழ் இயக்கத்துப் போராளிகள் சுற்றி வளைத்திருந்தார்கள். உள்ளே காயப்பட்டவர்கள் இரத்தம் வடியக் கிடந்தார்கள். தரை வழி அடைபட்டிருந்தது. அதைப் பற்றி முனாப் எங்களிடம் அதிகம் சொன்னதில்லை. அவனுடைய ஹெலியில் வாசல் துப்பாக்கிக்கு இருந்த சோமசிறி என்ற சிங்களப் பொடியன், விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பாதித் தமிழிலும் பாதிக் கையாலும் சொன்னான். பனைமரங்களின் தலையை உரசுகிற மாதிரித் தாழ்வாகப் பறந்தார்களாம். முதல் தடவை இறங்கும்போதே முன் கண்ணாடி சிதறிவிட்டது. இரண்டாம் தடவை பக்கத்தில் இருந்த விமானிக்கு வெடி பட்டது. மேலிடத்திலிருந்து இனிப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே இன்னும் ஆறு பேர் கிடக்கிறார்கள் என்று மட்டும் முனாப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பவும் போனான். தோளில் கண்ணாடித் துண்டு ஏறியிருந்தது. திரும்பி வந்து இறங்கிய பிறகுதான் சட்டை நனைந்திருப்பதை மற்றவர்கள் கண்டார்கள்.

அந்தப் பதக்கத்தை வாங்கக் கொழும்புக்கு நானும் உம்மாவும் போனோம். வாப்பா அதற்கு முதல் வருடமே மவுத்தாகி அடக்கமாகிவிட்டார். காப்பாற்றப்பட்ட ஒருவன் ஊன்றுகோலோடு வந்து உம்மாவின் காலைத் தொடக் குனிந்தான். உம்மா பதறிப்போய் அவனைப் பிடித்துத் தூக்கினா. அது முனாப் சம்பாதித்த பதக்கம். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

இரண்டாவதன் கதை வேறு.

வானொலியில் பெயர் வந்து மூன்றாம் நாள் முனாப் விடுமுறையில் வந்தான். வரும்போதே வெடி கொளுத்திய ஆட்கள் பின்னால் வந்தார்கள். அவர்களுக்கு சலாம் சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினான். சாப்பிடவில்லை. பின்னேர அஸர் தொழுதபின் என்னையும் உம்மாவையும் கூப்பிட்டு இருத்தி, நடந்ததைச் சொன்னான்.

எண்பத்தாறு மார்ச் மாதம், அறுவடைக் காலம். மருதடிவட்டை என்ற வயல்வெளியில் ஆயுதத்தோடு ஆட்கள் கூடியிருக்கிறார்கள் என்று தகவல் வந்திருக்கிறது. இரண்டு ஹெலிகள் போயின. முன்னால் போனதில் மேலதிகாரி. பின்னால் போனது முனாபுடையது. வட்டைக்கு மேல் வந்ததும் முனாபுக்கு விளங்கிவிட்டது. நடுவில் களவெட்டி, நெல் சூடு அடிக்கும் இடம். ஒரு உழவு மெசின் அறுத்துப் பரப்பிய நெற்கதிர் உப்பட்டிகளின் மேல் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நெல்லைக் குவித்துப் படங்குத் துணியால் மூடியிருந்தார்கள். ஒரு பத்துப் பன்னிரண்டு பேர். கையில் இருந்தது வைக்கோல் கிளறுகிற கம்பு.

எங்கள் ஆட்களுக்கு இது தெரியாதா? சின்ன வயதில் அவனும் நானும், கடனுக்குக் கொடுத்த துணிக்கு நெல் அளக்கப் போகும் வாப்பாவோடு எத்தனை களவெட்டியில் நின்றிருக்கிறோம். வானொலிக் கருவியில் மேலதிகாரிக்குச் சொன்னான்: இவர்கள் விவசாயிகள், சூடு அடிக்கிறார்கள், சுட வேண்டாம். படங்குக்குக் கீழே ஆயுதம் இருக்கிறது என்று பதில் வந்தது. அது நெல் என்று முனாப் திரும்பவும் சொன்னான். சோமசிறியிடம் துப்பாக்கியிலிருந்து கையை எடுக்கச் சொன்னான். அவனும் எடுத்துவிட்டான்.

“ராத்தா, அவங்க தலத்துண்டக் கழட்டி எங்களுக்குக் கை காட்டினாங்க,” என்றான் முனாப். “சூறாவளி நேரம் சாமான் கொண்டு வந்த ஹெலிய நினைச்சிருப்பாங்க போல.”

அப்போதுதான் முன்னால் போன ஹெலி சுடத் தொடங்கியது.

அது வட்டமடித்துக்கொண்டே வாசலால் சுட்டது. முனாப் தன் ஹெலியை அந்த வட்டத்துக்குள் இறக்கினான். சுடுகிற துப்பாக்கிக்கும் களவெட்டிக்கும் நடுவில் கொண்டுபோய் அதைக் குறுக்கே நிறுத்தினான். வால் பக்கத்தைச் சூடு உரசிக்கொண்டு போனதைச் சோமசிறி கண்டான். கருவியில் கத்தினார்கள், விலகச் சொன்னார்கள். விலகவில்லை. மற்ற ஹெலி எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கம் இவனும் திரும்பினான். கீழே ஓடியவர்கள் வாய்க்காலுக்குள் குதித்து, கட்டோடு ஒதுங்கி, நாணலுக்குள் மறைகிற வரைக்கும் அப்படியே நின்றான். அதன்பிறகு இறங்கிக் காயப்பட்டவர்களை ஏற்றப் பார்த்தான். உடனே திரும்பு, இல்லையென்றால் உன்னையே சுடுவேன் என்றார் மேலதிகாரி. ஏற்றிக்கொண்டு எழும்பினாலும் சுடுவார் என்று தெரிந்ததால் திரும்பினான்.

நான்கு பேர் கிடந்தார்கள். ஒருவன் நெற்குவியலின் மேல்.

முனாப் நடந்ததை எழுதிக் கொடுத்தான். அது எங்கே போனது என்று தெரியவில்லை. சில வாரங்களின் பின் ஒரு பெரிய அதிகாரி கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து இருத்தினார். அன்றைக்கு நீ செய்ததற்கு எங்களிடம் இரண்டு பெயர் இருக்கிறது, ஒன்று வீரம், மற்றது சண்டை நேரத்தில் மேலதிகாரியின் கட்டளையை மீறியது என்றாராம். முதலாவதற்குப் பதக்கம், இரண்டாவதற்குச் சிறை. எது வேண்டும் என்று யோசித்துச் சொல் என்று அனுப்பினார். முனாப் பதில் சொல்ல முதலே வானொலியில் பெயரை வாசித்துவிட்டார்கள். ஊர் வெடி கொளுத்திவிட்டது.

கேட்டுக்கொண்டிருந்த உம்மா கையிலிருந்த தஸ்பீஹ் மணிமாலையைக் கீழே வைத்தா. “மவுத்தான ஆக்கள் எந்த ஊரு மகன்?” என்று மட்டும் கேட்டா.

இரண்டு பேர் வரிப்பத்தான்சேனை, இரண்டு பேர் பாண்டிருப்பு என்றான்.

பாண்டிருப்பு எங்களுக்கு அடுத்த தமிழ் ஊர், வரிப்பத்தான்சேனை கொஞ்சம் தள்ளி இருக்கிற நம்மட ஆக்களின் ஊர். அங்கேயும் வானொலி இருக்கிறது. அங்கேயும் முனாப் என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். தங்கள் வீட்டு ஆளைச் சுட்டவன் நம்மவன் என்று தெரிந்த அந்த வீடுகளில் அன்றைக்கு என்ன நடந்திருக்கும்? எங்கள் வெடிச் சத்தம் பாண்டிருப்புக்குக் கேட்டிருக்கும். அதை நினைத்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அதற்குள் அபூசாலி ஹாஜியார் வரவேற்புக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கியிருந்தார். ஊரில் பெரிய வியாபாரி, பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருந்தவர். பாடசாலை மைதானத்தில் மேடை, வாழை கட்டி வளைவு, முகாமிலிருந்து ஒரு அதிகாரி பிரதம அதிதி. நான் அந்தப் பாடசாலையில்தான் படிப்பித்தேன். அவரிடம் போய், இதை நிறுத்துங்கள் என்று சொல்லி, முனாப் சொன்னதைச் சொல்லத் தொடங்கினேன். ஹாஜியார் கையை உயர்த்தி என்னை மறித்தார்.

“டீச்சர், இந்தப் பக்கம் ஆமி, அந்தப் பக்கம் இயக்கம். நடுவுல நாம இரிக்கம். நம்மட புள்ள ஒருத்தன் அங்க மேல இரிக்கான் எண்டா ஆமி கொஞ்சம் யோசிக்கும். அதக் கெடுத்துப்போடாதீங்க.”

“மேல இருந்தவன் கீழ என்னத்தக் கண்டான் எண்டு கேக்க மாட்டீங்களா ஹாஜியார்?”

“கேக்க மாட்டன். கேட்டா எனக்குத் தெரிஞ்சிரும்.”

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த வருடங்களில் எங்கள் ஊரில் ஒவ்வொருவரும் அந்தப் பயத்தோடுதான் படுத்தெழும்பினோம். ஆனால் செத்த நான்கு பேரின் மய்யித்தின் மேல் பந்தல் போட்டு அதன் நிழலில் ஒதுங்கச் சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை. எழும்பி வந்துவிட்டேன்.

கூட்டத்துக்கு முதல் வெள்ளிக்கிழமை நானும் முனாபும் வரிப்பத்தான்சேனைக்குப் போனோம். பஸ்ஸில் இறக்காமம் வரை போய், அங்கிருந்து நடந்தோம். முனாப் சாரனும் சேட்டும் உடுத்திருந்தான். கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்த வீடு, நெற்குவியலின் மேல் கிடந்த மீராமுகைதீனுடையது. வாசலில் அவருடைய மாமனார் இருந்தார். முனாப் பெயரைச் சொல்லி சலாம் சொன்னான். அந்த மனிதர் சலாத்துக்குப் பதில் மட்டும் சொன்னார். உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

மீராமுகைதீனின் மனைவி சுபைறா இத்தாவில் இருந்தா. கணவன் மவுத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆணின் கண்ணில் படக்கூடாது. ஆகவே அறை வாசலில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். முனாப் வெளியே பாயில் இருந்தான். நான் திரைக்கு உள்ளே போனேன். இருபத்தைந்து வயதுகூட இராது. வெள்ளைச் சேலை. மடியில் ஒரு பிள்ளை தூங்கியது. காற்றுக்கு விலகாதபடி திரையின் ஓரத்தைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தா. மூலையில் நெல்மூட்டைகள் அடுக்கியிருந்தன. அந்தக் களவெட்டி நெல். யாரோ அள்ளிக் கட்டிக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவிக்கவும் இல்லை, விற்கவும் இல்லை.

முனாப் நடந்ததையெல்லாம் சொன்னான். எங்களிடம் சொன்ன மாதிரியே, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. சுபைறா குறுக்கே பேசாமல் கேட்டா. முடிந்ததும்தான் கதைத்தா.

“உங்கட பேர றேடியோவுல கேட்டன். நம்மட ஆள் ஒருத்தன்தான் செஞ்சிரிக்கான் எண்டு நினைச்ச நேரம், அவர் மவுத்தெண்டு கேட்டத விட அது பெரிசா வலிச்சிச்சி.”

“நான் சுடல்ல. ஆனா நான் குறுக்க வாறதுக்குள்ள நாலு பேர் விழுந்திட்டாங்க.”

“எவ்வளவு நேரம் பிந்தினீங்க?”

“ஒரு மூச்சு நேரம்,” என்றான்.

சுபைறாவின் கை திரையை இன்னும் இறுக்கியது. அழவில்லை. ஆனால் முகம் சிவந்துவிட்டது. அதை நான் மட்டும்தான் கண்டேன். பிறகு, புருஷனைப் பயங்கரவாதி என்று எழுதிவைத்திருப்பதைச் சொன்னா. ஜனாஸா அடக்கத்துக்கு ஆட்கள் கூட விடவில்லையாம். முறைப்பாடு கொடுக்கப் போன தன் வாப்பாவைப் பொலிஸில் துரத்திவிட்டார்களாம். மூத்த மகன் மதரசாவுக்குப் போகிற வழியில் காவலரணில் நிற்கிறவர்கள், உன் அப்பன் எந்த இயக்கம் என்று சிரித்துக்கொண்டு கேட்கிறார்களாம். மழைக்கு முதல் வரம்பு கட்டவும் மழைக்குப் பிறகு களை பிடுங்கவும் தவிர வேறொன்றும் தெரியாத மனிசன் என்று சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.

“நீங்க எனக்கிட்ட வந்து சொல்லிப் பிரயோசனமில்ல,” என்றா. “அவர் யாரெண்டு எனக்குத் தெரியும். வெடி கொளுத்தின ஆக்களுக்குப் போய்ச் சொல்லுங்க. பதக்கம் தந்தவங்களுக்குச் சொல்லுங்க. உங்கட பேர எல்லாருக்கும் கேக்க வாசிச்சாங்கதானே. அவருட பேரயும் எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க.”

முனாப் ஓம் என்றான்.

கூட்டத்தன்று மைதானம் நிறைந்துவிட்டது. ஹாஜியார் சீருடையோடு வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். முனாப் வெள்ளைச் சேட்டும் காற்சட்டையும் போட்டு வந்தான். முன்வரிசையில் முகாம் அதிகாரி கால்மேல் கால் போட்டு இருந்தார், பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர். ஹாஜியார் அரை மணித்தியாலம் பேசினார். மாலை போட வந்தபோது முனாப் அதைக் கையில் வாங்கி மேசையில் வைத்துவிட்டு, ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தான்.

“எனக்கு எந்தச் சண்டைக்குப் பதக்கம் எண்டு அறிவிச்சாங்களோ, அந்தச் சண்டை மருதடிவட்டையில நடக்கல்ல,” என்று தொடங்கினான். “அங்க சூடு அடிச்சாங்க. கையில துவக்கு இருக்கல்ல. நான் என்ட கண்ணால கண்டன். நானும் அத மேல சொன்னன். கேக்கல்ல.”

மொழிபெயர்த்துச் சொன்னவர் பாதியில் நின்றுவிட்டார். முகாம் அதிகாரி அவரை முழங்கையால் இடித்துக் கேட்டார்.

“மவுத்தானவங்க பேரச் சொல்றன். வரிப்பத்தான்சேனை மீராமுகைதீன். அதே ஊர் மீராசா. பாண்டிருப்பு செல்லத்தம்பி. அவருட மகன் குணம். இவங்க நாலு பேரும்…”

அதோடு சத்தம் நின்றது. ஹாஜியார் ஒலிபெருக்கிக்காரனுக்குக் கை காட்டிவிட்டார். முனாப் ஒலிவாங்கியைத் தள்ளிவிட்டு மேடையின் விளிம்புக்கு வந்து, சொந்தக் குரலில் மிச்சத்தைச் சொன்னான். முன்வரிசை கேட்டுப் பின்வரிசைக்குச் சொன்னது. பின்வரிசை மதிலுக்கு வெளியே நின்றவர்களுக்குச் சொன்னது. அந்தப் பதக்கத்தை நான் வாங்க மாட்டேன், அந்த நாலு பேரும் விவசாயிகள் என்று எழுதுகிற வரைக்கும் இதை எங்கே கேட்டாலும் சொல்வேன் என்று முடித்துவிட்டு இறங்கினான்.

கை தட்ட யாருக்கும் துணிவு வரவில்லை. சிலர் எழும்பிப் போனார்கள். ஊரை எரிக்கப் பார்க்கிறான் என்று ஒருவன் ஏசினான். பீடி சுற்றுகிற இரண்டு மூன்று பேர் மட்டும் வந்து முனாபின் கையைப் பிடித்து முஸாபஹா செய்தார்கள். அவர்களுடைய பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அடுத்த நாள் படை ஆட்கள் வந்து முனாபைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பல வாரங்கள் எங்களுக்குச் சொல்லவில்லை. கட்டளையை மீறியதற்கு வழக்குப் போடுவார்கள் என்று நினைத்தோம். போடவில்லை. போட்டால் அன்றைக்கு என்ன கட்டளை என்று விசாரிக்க வேண்டிவரும். அதற்குப் பதிலாக ஒரு வைத்தியரைக் கூப்பிட்டு, இவனுக்கு மனநிலை சரியில்லை, பறக்கத் தகுதியில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். தோளில் கண்ணாடி ஏறியபோதும் ஹெலியை நேராகக் கொண்டுவந்து இறக்கியவனுக்கு மனநிலை சரியில்லையாம். களவெட்டியைப் பார்த்து ஆயுதக் கிடங்கு என்று சொன்னவருக்குப் பதவி உயர்வு. சோமசிறியும் உண்மையைச் சொல்லியிருக்கிறான். அவனைத் துப்பாக்கியிலிருந்து எடுத்துக் குசினிக் களஞ்சியத்தில் போட்டார்கள்.

அதோடு விடவில்லை. முதல் பதக்கத்தையும் திருப்பி வாங்கிவரச் சொல்லி ஒரு அதிகாரியை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். முனாப் எழும்பி அதை எடுக்கப் போனான். உம்மா வாசலை மறித்து நின்றா. சல்மா உம்மா என்றால் உரக்கக் கதைக்காத மனிசி என்று ஊரில் சொல்வார்கள். அன்றைக்கும் உரக்கக் கதைக்கவில்லை.

“அது உசிரக் கொண்டு வந்ததுக்குக் குடுத்தது, மகன். அத நான் தரமாட்டன். உசிர எடுத்ததுக்குக் குடுத்தத நாங்க வாங்கவே இல்ல. அத நீங்களே வச்சிக்கங்க.”

அதிகாரிக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பிறகு யாரும் வரவில்லை.

எண்பத்தெட்டில்தான் விசாரணை நடந்தது. நிலைமை கொஞ்சம் மாறி, இந்திய ஆமி வந்து நின்ற காலம். நான்கு பேரின் குடும்பங்களும் சேர்ந்து மனுப் போட்டார்கள். சோமசிறியை வர விடவில்லை, வாய்க்காலுக்குள் குதித்துத் தப்பியவர்கள் பயத்தில் வரவில்லை; சாட்சி முனாப் ஒருவன்தான். நீதிமன்றத்தில் ஒரே வாங்குப் பலகையில் சுபைறாவும், செல்லத்தம்பியின் மனைவி மீனாம்பிகையும் இருந்தார்கள். மீனாம்பிகைக்குக் கணவனும் மகனும் ஒரே நாளில் போனார்கள். ஊருக்கு ஊர் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட அந்த வருடங்களில் அவர்கள் இருவரும் ஒரே தண்ணீர்ப் போத்தலில் குடித்தார்கள்.

முனாப் வந்ததும் சுபைறா அவனை நிமிர்ந்து பார்த்தா. “குரலக் கேட்டு வயசான ஆளெண்டு நினைச்சிருந்தன்,” என்று என்னிடம் சொன்னா. “சின்ன ஆள்தான்.”

முனாப் சாட்சி சொல்லி முடித்ததும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பினார். களவெட்டியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வைத்தியர் எழுதிக் கொடுத்ததை எடுத்து வாசித்தார். மனநிலை சரியில்லாதவன் என்று படையே விலக்கிய ஒருவரின் பேச்சை மன்றம் எப்படி எடுக்கலாம் என்றார். அந்தக் காகிதத்தை எதற்காக எழுதினார்கள் என்று அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. இரண்டு வருடம் முதலே இந்த நாளை யோசித்து எழுதியிருக்கிறார்கள். வாங்கின் விளிம்பை நான் பிடித்த பிடியில் நகம் உடைந்தது.

மீனாம்பிகை எழும்பி நின்றா. யாரும் கூப்பிடவில்லை.

“ஐயா, அது பைத்தியமெண்டா, அண்டைக்கு மற்றவருக்கும் அந்தப் பைத்தியம் பிடிச்சிருந்தா என்ட புள்ள இருந்திருப்பான்.”

இருக்கச் சொன்னார்கள். இருந்தா. நீதவான் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு அவவைப் பார்த்தார். பிறகு முனாபிடம் தானே கேட்டார்: படங்குக்குக் கீழே இருந்தது நெல் என்று அவ்வளவு உயரத்திலிருந்து எப்படித் தெரிந்தது? முனாப் சொன்னான், ஓரத்தில் கோழிகள் கொத்திக்கொண்டு நின்றன என்று. ஹெலிச் சத்தத்துக்கு அவை சிதறி ஓடியதைக் கண்டானாம். வீட்டில் எங்களிடம்கூட அதைச் சொல்லியிருக்கவில்லை.

தீர்ப்பு இரண்டு மாதத்தின் பின் வந்தது. இறந்த நால்வரும் ஆயுதம் இல்லாத விவசாயிகள். பயங்கரவாதி என்ற சொல் எடுக்கப்பட்டது. சுட்டது யார் என்பதைத் தீர்மானிக்கப் போதிய சான்று இல்லை. அந்தக் கடைசி வசனத்தை வாசிக்கும்போது நீதவான் தலையை நிமிர்த்தவே இல்லை. ஹெலியிலிருந்து நால்வரைச் சுட்டிருக்கிறார்கள், ஆனால் ஹெலியில் யாரும் இருக்கவில்லை! சுபைறாவின் வாப்பா அந்தப் பாதியாவது கிடைத்ததே என்று அல்லாஹ்வைப் புகழ்ந்தார். மகனைக் காவலரணில் இனி யாரும் கேட்க முடியாது என்று சுபைறா சொன்னா. அவர்களுக்குக் கிடைத்ததை என் ஆத்திரத்தால் குறைக்க எனக்கு உரிமை இல்லை.

முனாப் இப்போது கல்முனை வீதியில் தண்ணீர்ப் பம்பும் உழவு மெசினும் திருத்துகிறான். கலியாணம் முடித்து ஒரு மகள் இருக்கிறாள். வைத்தியர் எழுதியதால் ஓய்வூதியம் இல்லை. வாகனம் ஓட்டும் அனுமதிகூட வெகுநாள் இழுத்தடித்துத்தான் கொடுத்தார்கள். வயல் மெசின் பழுதானால் சுபைறாவின் வாப்பா மூத்த பேரனையும் கூட்டிக்கொண்டு அவனிடம்தான் கொண்டுவருகிறார்.

போன மாதம் அபூசாலி ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். ஊரின் பெருமைக்குரியவர்களைப் பற்றி ஒரு மலர் போடுகிறார்களாம். முனாபின் படமும், வடக்கில் காயப்பட்டவர்களை மீட்டு எடுத்த பதக்கத்தின் விபரமும் வேண்டும் என்றார். மற்ற விஷயம் பழசு, அதைக் கிளற வேண்டாம் என்றும் சொன்னார். முனாப் பட்டறைக்குப் போயிருந்தான். நான்தான் பதில் சொன்னேன். வடக்கில் செய்ததை விட மருதடிவட்டையில் செய்ததற்குத்தான் அதிகம் துணிவு வேண்டும், இரண்டையும் போடுங்கள், இல்லையென்றால் ஒன்றையும் போடாதீர்கள் என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போனார்.

மலர் நேற்று வந்தது. முனாபின் பெயர் எங்கேயும் இல்லை. ஒரு பக்கத்தில் ஹாஜியாரின் படம், அடுத்த பக்கத்தில் அவருடைய மருமகனின் படம். முனாப் அதைப் பட்டறையில் எண்ணெய்க் கையோடு புரட்டிப் பார்த்துச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.